வெற்றுக் கொக்கி

ஜனவரி 3, வெள்ளி

புது டைரி. வகுப்பின் முதல் நாளில் போன வருடப் பாடத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். இங்கும் அப்படியே தொடங்குகிறேன்.

பாளையங்கோட்டையில் ஓய்வு பெறும் வரை இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். இவர், என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம், அதே பள்ளியில் பி.டி. மாஸ்டர். மைக் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் தொண்டை. போன வருடம் அந்தத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் ஒரு துணி கட்டிக்கொள்கிறார். உதடு அசையும், சத்தம் வராது. துளையைச் சுத்தம் செய்வதை நர்ஸ் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் இவரே கண்ணாடியைப் பார்த்துச் செய்துகொள்கிறார். அதுவும் வசதிதான்.

அறுவைக்கு முன்பு ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் இவரைப் பல நாட்கள் உட்காரவைத்து, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து ஒரு கணினிக் குரல் செய்து கொடுத்தார்கள். இவர் தட்டச்சு செய்தால் லேப்டாப் இவர் குரலில் பேசும். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஸ்பீக்கரை அடுக்களைப் பக்கம் திருப்பியிருக்கிறேன். நான் அடுப்படியில் நின்றாலும் கேட்கும்.

இப்போது அந்த லேப்டாப் மெதுவாகிவிட்டது. காலையில் "சட்னியில் காரம் தூக்கல்" என்று தட்டினார். அது பேசி முடிப்பதற்குள் நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன்.

பழைய மாணவன் இசக்கிராஜ் போன் செய்தான். குடியரசு தினத்தன்று பழைய மாணவர்கள் பள்ளியில் கூடுகிறார்கள்.

"டீச்சர், கொடி ஏத்தி முடிச்சதும் சார் பேசணும். கடைசியில ஒரே ஒரு தடவ 'நேராய் நில்' சொல்லணும். பயலுவ பூரா அதுக்குத்தான் வாரானுவ."

"பயலுவளா? ஒனக்கே தலை நரைச்சிருக்குமேடே."

"நரைக்கதுக்கு முடி இருந்தாத்தான டீச்சர்?"

சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குள் கணினியைச் சரிசெய்ய வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

ஒரு வீடியோவில் ரிஜிஸ்ட்ரியைத் துடைத்தால் கணினி வேகமாகும் என்று காட்டினார்கள். நம் பள்ளியில் இன்னும் கணினி ஆசிரியையாக இருக்கும் ஐரினிடம் கேட்டேன்.

"எவன்க்கா சொன்னான்? வீட்ல ஒட்டடை அடிச்சா கரண்ட் பில்லு கொறையுமா? கொஞ்சம் பாக்க நல்லாருக்கும், அவ்வளவுதான்."

"இல்ல ஐரின், பேச்சு வரதுக்குள்ள சோறு ஆறிப்போவுது."

"செஞ்சே தீருவேன்னா நான் சொல்லுதபடி செய்யுங்க. மொதல்ல ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போடுங்க. தப்பாப் போச்சுன்னா கம்ப்யூட்டரே பழைய நெலமைக்குத் திரும்பிரும். அப்புறம், தொடப்போற பகுதிய எக்ஸ்போர்ட் பண்ணி, அந்த நகல பென் டிரைவ்ல வச்சிக்கிடுங்க. அப்புறந்தான் கை வைக்கணும். என்னன்னு தெரியாதத மட்டும் தொட்டுராதீய, யெக்கா. டெலீட் பண்ணிட்டா அங்க திருப்பிக் கேக்க ஆளு கெடையாது."

ரிஜிஸ்ட்ரி என்றால் என்ன என்பதற்கு நானே ஓர் உதாரணம் கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளி அலுவலக வாசலில் ஒரு சாவிப் பலகை உண்டு. வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு மேலே அறையின் பெயர். பலகையில் அறை இல்லை. எந்த அறைக்கு எந்தச் சாவி என்பது மட்டுமே இருக்கிறது. ரிஜிஸ்ட்ரியும் கணினிக்கு அப்படி ஒரு பலகை. எது எங்கே இருக்கிறது, எப்படித் திறக்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் கணினி தெரிந்துகொள்கிறது.

இவரிடம் சொன்னேன். "நல்ல உதாரணம்" என்றது லேப்டாப்.

ஜனவரி 6, திங்கள்

ரீஸ்டோர் பாயிண்ட் போட்டேன். எக்ஸ்போர்ட்டும் செய்தேன். பென் டிரைவைக் கடுகு டப்பாவுக்கு வலப்பக்கம் வைத்தேன்.

துடைக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிட்டேன். அது விட்டதை நானே கையால் பார்த்தேன். இடப்பக்கம் மஞ்சள் கோப்புறைகள், வலப்பக்கம் அவற்றின் உள்ளடக்கம். பல கோப்புறைகளில் வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. விடைத்தாள் திருத்தும்போது காலிப் பக்கத்தைக் கண்டால் நாங்கள் குறுக்கே கோடு போட்டுவிடுவோம். பிறகு யாரும் அதில் எழுத முடியாது. கை பழகிவிட்டது. வெறுமையாக இருந்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். மனசுக்குச் சுத்தமாக இருந்தது.

வேகம் கூடியதாகத் தெரியவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

இவர் காலையில் "2 தோசை போதும்" என்று தட்டினார்.

லேப்டாப்பிலிருந்து ஓர் ஆங்கிலப் பெண் "டூ" என்றாள். அவ்வளவுதான்.

மறுபடி தட்டினார். மறுபடி "டூ." தமிழ் எழுத்து எதையும் அவள் படிக்கவில்லை. எண்ணை மட்டும் படித்தாள். இவருடைய குரலைக் காணோம். குரல்களின் பட்டியலில் பெயரே இல்லை.

பென் டிரைவை மாட்டி, எக்ஸ்போர்ட் செய்த கோப்பை இரட்டைச் சொடுக்கு போட்டேன். வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது என்றது. குரல் வரவில்லை. எதைச் சேர்த்தது என்றே விளங்கவில்லை.

ஜனவரி 8, புதன்

ஐரினுக்குப் பொதுத் தேர்வு வேலை. சாயங்காலம்தான் பேச முடியும் என்று செய்தி போட்டாள்.

பகல் முழுதும் குரல் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்க அடுக்களையிலிருந்து வந்து வந்து பார்க்க வேண்டியிருந்தது. மதியம் பேசாமல் இவருக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ரசமா, மோரா என்று நான் கேட்க, இவர் வேறு ஏதோ சொல்ல, நான் அப்பளமா, ஊறுகாயா, கரண்டியா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போக, இவர் தோள் குலுங்கச் சிரித்தார். ஃபேனைப் போடச் சொல்லியிருக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ஐரின் போன். "எக்ஸ்போர்ட் பண்ணும்போது எந்தக் கோப்புறை மேல நின்னிய?"

"நின்ன எடத்துல நின்னேன்."

"அதான் பாத்தியளா. நீங்க நின்ன கோப்புறைய மட்டுந்தான் அது எடுத்திருக்கு. அழிச்சது வேற எடம். ஆமா, அந்தக் கோப்புறை பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அத விரிச்சா உள்ளுக்க இன்னும் கோப்புறை இருக்கும்க்கா. மேல பாத்தா காலி, உள்ளுக்கதான் எல்லாம் இருக்கு."

சாவிப் பலகையில் வெற்றுக் கொக்கியைப் பார்த்தால் அந்த அறை வேண்டாத அறை என்று எந்த பியூனும் நினைக்க மாட்டார். யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நான் கொக்கியைப் பிடுங்கியிருக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

ஐரின் சொன்னபடி ரீஸ்டோர் பாயிண்ட்டுக்குத் திரும்பினேன். கணினி தானே அணைந்து தானே எழுந்தது. இவர் தட்டினார். "வடிவு, காபி."

உடனே பாலை அடுப்பில் ஏற்றினேன். குரல் கோப்புகள் கணினிக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கின்றன. போனது வழி சொல்லும் குறிப்பு மட்டும்தான்.

இந்த முறை சரியான கோப்புறையில் நின்று எக்ஸ்போர்ட் செய்தேன். எனக்குத் தெளிவாவதற்காக இவரிடம் எல்லாவற்றையும் ஒரு தரம் உரக்கச் சொன்னேன். எந்தப் பாதையில் போக வேண்டும், குரலின் கோப்புறை எது, எக்ஸ்போர்ட் எப்படி, திருப்பிச் சேர்ப்பது எப்படி. யாருக்காவது சொல்லிக்கொடுத்தால்தான் எனக்குப் பாடம் நிற்கும். இவர் பேப்பரை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். பாதியில் தூங்கியிருப்பார்.

ஜனவரி 12, ஞாயிறு

குரலைக் காணோம்.

நான் தொடவே இல்லை. சத்தியமாகத் தொடவில்லை. பென் டிரைவ் கடுகு டப்பாவுக்கு இடப்பக்கம் இருந்தது. நான்தான் மாற்றி வைத்துவிட்டேன் போல. மாட்டி இரட்டைச் சொடுக்கு போட்டதும் குரல் வந்துவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகள் கோமதி பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தாள். அப்பா தட்டத் தட்ட லேப்டாப் பேசியது.

"யம்மா, அப்பா பேசும்போது நீ ஏன் அந்தப் பெட்டியவே பாக்க?"

"சத்தம் அதுலருந்துதான வருது."

"அப்பா இந்தப் பக்கம்லா இருக்காவ."

இவர் கரும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பால் பொங்கும் நேரம், நான் எழுந்து போய்விட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

மறுபடியும் போய்விட்டது. மறுபடியும் சேர்த்தேன்.

ஒரே நிபந்தனையில் செய்யும் சோதனை ஒவ்வொரு முறையும் ஒரே விடை தர வேண்டும். தரவில்லை என்றால் நாம் கணக்கில் எடுக்காத ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள். பிள்ளைகளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மின்சாரமா? வெப்பமா? வைரஸா? எதுவும் பிடிபடவில்லை.

ஜனவரி 18, சனி

ஐரின் நேரில் வந்தாள். துடைக்கும் மென்பொருள் தானாகவே ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டு அதை நீக்கினாள். வைரஸ் இல்லை என்றாள்.

நான் வடை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் லேப்டாப் மூடியிருக்கிறது, இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர் உதட்டை அசைக்க, அவள் பதில் சொல்லுகிறாள். "அந்த ஹெட்மாஸ்டர் இன்னும் இருக்காராக்கும், சார்? எமனே பயந்துட்டு வரலியோ?" என்கிறாள். இவர் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்.

"ஒனக்கு எப்படிப் புரியுது?" என்று கேட்டேன்.

"சார் நல்லா தெளிவாத்தானக்கா சொல்லுதாவ. மைதானத்துல பேசின வாய் இல்லயா. ஒங்களுக்குப் புரியலயா?"

எண்ணெய் காய்ந்துவிட்டது என்று திரும்பிவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

குடியரசு தினப் பேச்சை இவர் எழுதிக் கணினியில் ஏற்றினோம். ஓட்டிப் பார்த்தோம். அருமையாக வந்தது, ஒரு சொல் பிசகவில்லை. கடைசியில் "நேராய் நில்" என்றது. மளிகைச் சிட்டையில் துவரம்பருப்பு என்று படிப்பதைப் போல இருந்தது. பதிவு செய்தபோது உட்கார்ந்து நிதானமாகப் படிக்கச் சொன்னார்கள் அல்லவா. ஆச்சரியக்குறி போட்டுப் பார்த்தேன். இரண்டு போட்டுப் பார்த்தேன். மறுபடியும் துவரம்பருப்புதான்.

"ஒலியக் கூட்டி வச்சிரலாம்ங்க" என்றேன். திரும்பிப் பார்த்தால் இவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

போய்விட்டது. சேர்த்தேன். எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கப்போகிறது.

ஜனவரி 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் காய்கறி வாங்கப் போனேன். பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கதவு சாத்தாமல் இருந்தது. இவர் லேப்டாப்பின் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் ரிஜிஸ்ட்ரி.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. செய்முறைத் தேர்வில் பிள்ளைகளின் பின்னால் போய் நிற்போமே, அப்படி நின்றுவிட்டேன்.

இவர் ஒவ்வொரு கோப்புறையாக அம்புக்குறியை விரித்துப் போனார். குரலின் கோப்புறைக்கு வந்ததும் அதன்மேல் சரியாக நின்றார். அழிக்கவில்லை. முதலில் எக்ஸ்போர்ட். பென் டிரைவில் பெயர் கொடுத்துச் சேமித்தார். சேமித்தது சரியாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகுதான் டெலீட். "உறுதியாகவா?" என்று கணினி கேட்டது. ஒரு நிமிடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு ஆம் என்று கொடுத்தார்.

நான் சொல்லிக்கொடுத்த வரிசை. ஒரு படி விடவில்லை. ரீஸ்டோர் பாயிண்ட் போடாததற்கு மட்டும் அரை மதிப்பெண் குறைக்கலாம். பேப்பருக்கு அடியில் இவர் தூங்கவில்லை.

பையை எடுக்காமலே சத்தம் காட்டாமல் வெளியே வந்துவிட்டேன். காய்களை முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு விளங்கவில்லை. குரல் பிடிக்காவிட்டால் ஒரேயடியாக அழித்திருக்கலாமே. பேக்கப் எடுப்பவருக்கு அது பத்திரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. இருக்கவும் வேண்டும், பேசவும் கூடாதா? அப்படியானால் நாள் முழுக்க எப்படிப் பேசுவார், நான் எப்படிக் கேட்பேன்? குரல் இல்லாத அந்த ஒரு நாள் எவ்வளவு சிரமப்பட்டோம். ஃபேன் போடுவதற்கு அரை மணி நேரம்.

அன்று சிரித்தோம், அது உண்மை.

ஜனவரி 25, சனி

நாளை நிகழ்ச்சி. பென் டிரைவ் கையில் இருக்கிறது. இரட்டைச் சொடுக்கு போட்டால் வந்துவிடும். மூன்று தரம் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தேன். போடவில்லை.

இவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதிலை எதில் வாங்குவது?

பென் டிரைவைக் கைப்பையில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. பணியில் இருந்தபோது போட்ட அதே உடை, இடுப்பு மட்டும் தொளதொளவென்று இருந்தது. லேப்டாப்பை நான்தான் தூக்கிப் போனேன்.

மைதானம் நிறைய ஆட்கள். வழுக்கைகள், தொப்பைகள், பிள்ளைகளைத் தோளில் வைத்திருப்பவர்கள். கொடி ஏற்றினார்கள். இசக்கிராஜ் மைக்கில் சாரை அழைத்தான். மேசைமேல் லேப்டாப்பை வைத்து, ஒலிபெருக்கி ஒயரைச் சொருகினார்கள். இவர் காதருகே குனிந்தேன்.

"ஏங்க, குரல் அதுல இல்ல. எனக்குத் தெரியும். பென் டிரைவக் கொண்டாந்திருக்கேன். அஞ்சு நிமிசம் குடுத்தாப் போதும்."

இவர் லேப்டாப்பை மூடினார். ஏதோ சொன்னார். நான் மூடிய லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். மறுபடி சொன்னார்.

"வடிவு, என்னயப் பாரு."

சத்தம் இல்லை. ஆனால் அதைத்தான் சொன்னார். ஒரு சொல்கூட எனக்குச் சந்தேகம் இல்லை.

பார்த்தேன். கழுத்துத் துணி இளநீலம். ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. மூச்சு விடும்போது துணி மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது, தூங்கும் குழந்தையின் வயிற்றைப் போல. மீசையை ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கத்தரித்திருந்தார். பல நாட்களாகவே அப்படித்தான் கத்தரிக்கிறாரோ என்னவோ. யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நான் சொல்லுதேன். நீ சொல்லு" என்றார்.

மைக்கை எடுத்தேன். இவர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்வேன். கணினியில் ஏற்றிய பேச்சு அல்ல. வேறு என்னவெல்லாமோ பேசினார். இசக்கிராஜ் சுவரேறிக் குதித்து மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். ஓரிடத்தில் எனக்குப் புரியவில்லை. "திருப்பிச் சொல்லுங்க" என்றேன் மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது. திருப்பிச் சொன்னார். "எங்க வீட்டு டீச்சருக்குப் பாடம் நடத்துதது ரொம்பக் கஷ்டம்." அதையும் நானே உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியில் இவர் குதிகால்களைச் சேர்த்தார், நெஞ்சை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார்.

நான் வகுப்பில்கூடக் கத்தியதில்லை. சாக்பீஸால் பலகையைத் தட்டுவதோடு சரி. வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன்.

"நேராய்... நில்!"

பாதியில் குரல் கிறீச்சிட்டுவிட்டது. ஆனால் மைதானம் முழுக்க, பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர்கள் உட்பட, ஒரே அடியில் குதிகால் சேரும் சத்தம் கேட்டது. இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'இயல்பாய் நில்' சொல்ல நேரமாக்கினார். அவர்களும் அசையவில்லை.

ஜனவரி 27, திங்கள்

பென் டிரைவில் குரல் கோப்புறையின் பேக்கப் பல பிரதிகள் இருக்கின்றன, என்னுடையதும் இவருடையதுமாக. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கலாமா என்று யோசித்தேன். காலியாகத் தெரிவதையும் கூடுதலாகத் தெரிவதையும் இனி நான் தொடுவதாக இல்லை. கடுகு டப்பாவுக்கு வலப்பக்கம் வைத்துவிட்டேன். வேண்டும் என்று இவர் சொல்லும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

லேப்டாப்பை அலமாரிக்கு மாற்றினேன். சாப்பாட்டு மேசையில் இடம் தாராளமாகிவிட்டது. என் நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டேன். பிரிந்திருந்த நூலை ஊசியால் இழுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

காபியில் சீனி கூடிவிட்டதாம். இரண்டு தரம் சொன்னார். முதல் தரமே எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லட்டும் என்று சும்மா இருந்தேன்.